பாரம்பரிய மெட்டு

செத்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிவிட்ட ஓர் அமெரிக்கர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவருடைய வாழ்க்கையை ஒரே பக்கத்தில் எழுதித் தரும்படி எனக்கு ஒரு வேலை வந்தது, அவ்வளவுதான். அதை எழுதாமல் இருந்திருந்தால் நான் இன்னும் என்னை நியாயமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன்.

வேலை கொடுத்தது பபேடான் பேட்டையில் ஒரு டியூஷன் நிலையம். கீழே ஜவுளிக்கடை, மூன்றாம் மாடியில் வகுப்பு. முன்பு ரங்கூன் என்று சொன்ன எங்கள் யாங்கூனில் இப்போது பிள்ளைக்குப் பதினெட்டு வயது நெருங்கினால் பெற்றோருக்குத் தூக்கம் போய்விடுகிறது. எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும். அதற்கு ஓர் அமெரிக்கப் பரீட்சை எழுத வேண்டும், அந்தப் பரீட்சையில் அமெரிக்க சரித்திரமும் வரும். அந்த நாட்டை உண்டாக்கிய பெரியவர்களின் வாழ்க்கையை ஆளுக்கு ஒரு பக்கமாக, எளிய ஆங்கிலத்தில், பக்கத்தில் பர்மிய விளக்கத்தோடு எழுதித் தர வேண்டியது நான். பக்கத்தின் அடியில் நிலையத்தின் முத்திரை இருக்கும். என் பேர் இருக்காது.

இது எனக்குப் பழக்கம்தான். கப்பல் ஏஜென்சி ஒன்றில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். கடிதங்களை நான் எழுதுவேன், கையெழுத்தை மானேஜர் போடுவார். அது முடிந்த பிறகு மொழிபெயர்ப்பு. மருந்துச் சீட்டு, தையல் மிஷின் கையேடு, யாரோ ஒரு முதலாளியின் அறுபதாம் பிறந்த நாள் மலர். எதிலும் என் பேர் வந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, எரிச்சலில்தான் சொல்கிறேன்.

பட்டியலில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். நிலம், குதிரை, போர், பேச்சு. எழுத எழுதக் கொட்டாவி வந்தது. இந்த ஒருவரிடம் வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிலடெல்பியாவில் பிறந்தவர். வக்கீல், பிறகு நீதிபதி. விடுதலைச் சாசனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். வேண்டாதவர்களைக் கிண்டலடித்துக் கட்டுரையும் பாட்டும் எழுதினார். ஆள் மிகச் சின்ன உருவம். தலை ஒரு பெரிய ஆப்பிள் அளவுதான் என்று கூட இருந்த ஒரு பெரிய மனுஷரே எழுதி வைத்திருக்கிறார். இதெல்லாம் போகட்டும். அவர் சர்ச்சில், எங்கள் பேச்சில் கோயிலில், ஆர்கன் வாசித்தார். சபைப் பிள்ளைகளுக்குச் சங்கீதங்களைப் பாடக் கற்றுக் கொடுத்தார். நானும் க்யிம்யிண்டைங்கில் ஆற்றுப் பக்கம் இருக்கும் எங்கள் சின்னக் கோயிலில் இருபத்தைந்து வயதிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், அவருக்கு இருந்த சொத்தும் பதவியும் இல்லாமல்.

அவர் கடைசிக் காலத்தில் தன் பாட்டுகளைப் புத்தகமாகப் போட்டார். இந்த மண்ணில் பிறந்து முதன்முதலில் இசை அமைத்தவன் என்ற பேர் தனக்கு வர வேண்டும் என்று அதில் தானே எழுதினார். புத்தகத்தை, அடுத்த வருஷம் நாட்டின் முதல் தலைவரானவருக்குக் காணிக்கையாக்கி அனுப்பினார். தலைவர் மரியாதையாகப் பதில் போட்டார். தனக்குப் பாடவும் வராது, எந்த வாத்தியமும் வாசிக்க வராது என்றார். இதைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். எங்கள் கோயில் கமிட்டியில் ஐந்து பேருக்கும் இதே தகுதிதான்.

ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது கொடி விஷயம். புது நாட்டுக்கு முத்திரைகளும் கொடியும் வரைந்து கொடுத்தது தான்தான் என்று அவர் அரசாங்கத்துக்கு எழுதினார். இதற்கு இதுவரை ஒன்றும் கேட்கவில்லை, ஒரு சின்னப் பீப்பாய் திராட்சை மது கொடுத்தால் போதும் என்றார். கேட்ட தொனியில் பாதி விளையாட்டு, பாதி மனத்தாங்கல். அரசாங்கம் அதை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குத் தள்ளி, கடைசியில் மறுத்தது. அவர் ஏற்கெனவே சம்பளம் வாங்கும் ஊழியர் என்றார்கள். அந்த வேலையில் அவர் ஒருவர் மட்டும் இல்லை, இன்னும் சிலரும் இருந்தார்கள் என்றார்கள். படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. மனுஷன் போட்ட கொடி வேண்டும், மனுஷன் பேர் வேண்டாம்.

இரண்டு பக்கமாக எழுதிக் கொண்டுபோனேன். நிலையத்தை நடத்துகிற பெண் எங்கள் தமிழ்ப் பெண்தான், ஆனால் வாயில் பர்மியம்தான் முதலில் வரும். பர்மிய வழக்கப்படி அவரை எல்லாரும் ஸயாமா, அதாவது டீச்சரம்மா, என்போம்; அவர் என்னை ஸயா, வாத்தியார், என்பார். சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"ஸயா, பாட்டு, கொடி, பீப்பாய், இதெல்லாம் பரீட்சைக்கு வராது. கையெழுத்துப் போட்டாரு, நீதிபதியா இருந்தாரு. அம்புட்டுப் போதும்."

"அந்த ஆளே அதுதானம்மா."

"பிள்ளைங்களுக்குக் கரண்ட் இருக்கிற நேரமே கொஞ்சம், ஸயா. அதுல எம்புட்டுத்தான் படிக்கும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. மூன்று வரி மிஞ்சியது.

அதே வாரம் கோயிலில் பாட்டுப் புத்தகத்தின் அச்சுப்படி வந்தது. சபை விழாவுக்காக, நாங்கள் வழக்கமாகப் பாடும் பாட்டுகளைத் தொகுத்துத் தமிழில் போடுகிறார்கள். அறுப்பின் பண்டிகையில் ஜனங்கள் வாழைத்தாரும் பூசணியும் அரிசிப் பையும் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து உள்ளே வரும்போது பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. வரிகள் வேதத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. மெட்டு என்னுடையது. இருபத்தெட்டு வயதில் போட்டேன். யாங்கூனில் மற்றத் தமிழ்ச் சபைகளும் இப்போது அதைப் பாடுகின்றன, சிலர் கீ போர்டு வைத்துக் கெடுத்தும் பாடுகிறார்கள். அச்சுப்படியில் அந்தப் பாட்டுக்குக் கீழே இரண்டே சொல் இருந்தது: பாரம்பரிய மெட்டு.

நான் உயிரோடு இருக்கிறேன். ஞாயிறுதோறும் ஆர்மோனியத்துக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னை எப்படி அதற்குள் பாரம்பரியம் ஆக்கினார்கள் என்று தெரியவில்லை.

கமிட்டிச் செயலாளர் படகுத்துறைக்குப் போகும் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நேரே போய் அச்சுப்படியை அவர் மிஷின் மேல் வைத்தேன்.

"இது என்ன?"

"எது அண்ணே?"

"நான் போட்ட மெட்டு. எப்ப பாரம்பரியம் ஆச்சு?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "கர்த்தருக்குச் செஞ்சதுக்கு ஆள் பேரு எதுக்கு அண்ணே?"

"அப்ப ஃபேன்ல எதுக்குப் பேரு?"

இதை விளக்க வேண்டும். இந்த ஊரில் யார் எதைத் தானம் கொடுத்தாலும் அதில் பேர் எழுதுவது வழக்கம். தெருவில் தாகத்துக்கு வைக்கும் தண்ணீர்ப் பானையில்கூட வைத்தவர் பேர் இருக்கும். புத்தர் கோயில்களில் பார்த்ததை எங்கள் ஆட்களும் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் கோயிலில் ஏழு மின்விசிறி, ஒவ்வொரு இறக்கையிலும் ஒரு குடும்பத்தின் பேர். பெஞ்சில் பேர், கடிகாரத்தில் பேர், காணிக்கைப் பையின் ஓரத்தில் நூலால் தைத்த பேர். கரண்ட் இல்லாத ஞாயிறுகளில் மின்விசிறிகள் நின்றுவிடுவதால் அந்தப் பேர்களை ஜனங்கள் அண்ணாந்து நிதானமாக வாசிக்கிறார்கள்.

"அது காணிக்கை அண்ணே," என்றார் செயலாளர்.

"இது மட்டும் என்ன, இனாமா?"

"கோபப்படாதீங்க. கமிட்டிக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க."

எழுதினேன். முப்பது வருஷம் மற்றவர்களுக்காகக் கடிதம் எழுதிய கை, தனக்காக எழுதும்போது நாலு தாளைக் கசக்கிப் போட்டது. அமெரிக்கரை நினைத்துக்கொண்டேதான் எழுதினேன். அவர் செய்த தப்பைச் செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன். பீப்பாயும் வேண்டாம், சால்வையும் வேண்டாம். ஒரே ஒரு வரி வேண்டும். நான் சாவதற்குள் அந்தப் பாட்டுக்குக் கீழே என் பேர் அச்சில் வர வேண்டும். எனக்குப் பிள்ளைகள் இல்லை, வீடு வாடகை வீடு, விட்டுப்போக வேறு ஒன்றும் இல்லை என்பதை மனுவில் எழுதவில்லை. அது அவர்களுக்கே தெரியும்.

ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. போதகர் வயதில் இளையவர், நல்ல மாதிரி. மனுவை வாசித்துவிட்டு மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"ஐயா, மெட்டு முழுசும் நீங்க ஒருத்தராத்தான் போட்டீங்களா?"

"வேற யாரு?"

மூப்பர்களில் வயதானவர் இருமினார். "பல்லவி அந்தப் பொண்ணு பாடுனதுதானே. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு."

எனக்கும் ஞாபகம் இருந்தது. இல்லை என்று சொன்னால் இதை எழுத உட்கார்ந்ததே பொய். அன்று பாடகர் குழுவில் பதினேழு வயதில் ஒரு பெண். பாட்டின் சரணங்கள் எனக்குச் சுலபமாக வந்துவிட்டன, பல்லவி மட்டும் அமையவில்லை. எப்படிப் போட்டாலும் கடைசியில் கீழே இறங்கித் தாலாட்டு மாதிரி படுத்துவிடும். வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவனுக்குத் தாலாட்டு எதற்கு? பயிற்சியின்போது அவள் பாட்டுத்தாளால் விசிறிக்கொண்டே, "கீழ எறங்காம இப்பிடி மேல போனா என்ன அண்ணே?" என்று பாடிக் காட்டினாள். நான், "சும்மா இரு," என்றேன். அடுத்த வாரம் அதைத்தான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். பண்டிகையன்று ஜனங்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் கையைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அவள் ஒரு பர்மியரைக் கட்டிக்கொண்டாள், புத்த முறைப்படி. சபைப் பதிவேட்டில் அவள் பேரை அடித்துவிட்டார்கள். அப்படி அடித்த பேரைக் கோயில் சம்பந்தப்பட்ட எதிலும் எழுதுவதில்லை. அவள் அம்மாவின் அடக்க அறிவிப்பில்கூட மகள் பேர் வரவில்லை.

போதகர் மெதுவாகச் சொன்னார். "உங்க பேரு மட்டும் போட்டா அநியாயம். அந்தம்மா பேரையும் போட்டா மூப்பர்மார் ஒத்துக்க மாட்டாங்க. அதான் ரெண்டும் வேணாம்னு பாரம்பரியம்னு போட்டோம். அந்தம்மா தனக்குப் பங்கில்லன்னு எழுதிக் குடுத்தா உங்க பேரைப் போட்டுடலாம்."

ஆக, அவளை மறைக்கத்தான் என்னையும் சேர்த்து மறைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. எங்கள் இருவர் பேரும் இருக்கட்டும், இல்லாவிட்டால் பாட்டையே எடுத்துவிடுங்கள் என்று எழுந்து வந்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. அவள் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவள் இருந்த புறநகர் ஷ்வேப்யிதாவுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார இடமே கிடைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் நின்றேன். தொழிற்பேட்டையில் தையல் தொழிற்சாலைகளின் மதிலோரம் தகரக் கூரை போட்ட சோற்றுக்கடைகள். அதில் ஒன்று அவளுடையது. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். முகத்தில் தனாக்காப் பட்டையை அரைத்துப் பூசி, இடுப்பில் கட்டிய லோஞ்சியை ஏற்றிச் செருகிக்கொண்டு, பெரிய சட்டியில் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். புருஷன் போய்விட்டார், ஒரு மகள் வங்கியில் வேலை பார்க்கிறாள் என்று பிறகு சொன்னாள். பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"அண்ணே, நீங்களா? உக்காருங்க. தமிழ் எனக்கு வாயில வர மாட்டேங்குது."

வந்தது. இடையிடையே பர்மியம் கலந்தாலும் நன்றாகவே வந்தது. ஒரு தட்டில் சோறும் பருப்பும் புளிச்சக்கீரையும் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே பாட்டுப் புத்தகம் வருகிறது என்று சொன்னேன். அந்தப் பாட்டும் அதில் வருகிறதா என்று கேட்டாள். இந்தக் கடையில் வேலை செய்யும்போது இன்னும் அதைத்தான் முணுமுணுப்பேன், பக்கத்துக் கடைக்காரி அதை ஏதோ சினிமாப் பாட்டு என்று நினைத்திருக்கிறாள் என்றாள்.

நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். அதைத் தமிழில் எழுதியிருந்தேன். கமிட்டிக்குப் போகிற தாள் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அவளுக்குத் தமிழ் எழுத்து மறந்திருக்கும் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். 'இந்த மெட்டை அமைத்ததில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை, இது முழுவதும் இன்னாருடையது' என்று என் பேரைப் போட்டிருந்தேன்.

"நீங்களே படிங்க அண்ணே. எனக்கு எழுத்தெல்லாம் போச்சு," என்றாள்.

படித்தேன். தாளில் இருந்ததைப் படிக்கவில்லை. "இந்த மெட்டை நாங்கள் இருவரும் சேர்ந்து அமைத்தோம்" என்று படித்தேன். குரல் தடுமாறவில்லை. ஞாயிறுதோறும் வேதபாடம் வாசித்துப் பழகிய குரல்.

அவள் கையை லோஞ்சியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். கையெழுத்து எங்கே போடுவது என்று தேடுகிறாள் என நினைத்து இடத்தைக் காட்டினேன். பர்மிய எழுத்தில், தன் பர்மியப் பேரைப் போட்டாள்.

"பண்டிகைக்கு நான் வரலாமா அண்ணே? உள்ள விடுவாங்களா?"

"தாராளமா வா," என்றேன். கேட்டதற்கெல்லாம் சரி என்று சொல்லிவிடும் நிலைமையில் இருந்தேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, டியூஷன் நிலையத்தில் அடித்துவிட்ட அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்து மறுபடி வாசித்தேன். அவர் ஒருவர் மட்டும் இல்லை என்று அரசாங்கம் சொன்ன இடத்துக்கு வந்ததும் நின்றேன். அந்த இன்னும் சிலர் யார் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அவர்களில் யாராவது பீப்பாய் கேட்டார்களா, கேட்கத் தெரிந்தவர்களா, ஒன்றும் தெரியாது. மனுவில் கையெழுத்துப் போட்டவரை மட்டும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அவரும் என்னைப் போல ஒருவர். அவர் நேர்மையாகவே கேட்டிருக்கலாம். அவரையும் என்னையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்ததுதான் என் திமிர். அதற்குப் பிறகும் தாளை நான் கிழிக்கவில்லை. மறு ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தேன். போதகர் படித்துப் பார்த்து, "அந்தம்மா நல்ல மனசு," என்றார்.

புத்தகம் வந்தது. பாட்டுக்குக் கீழே 'மெட்டு' என்று போட்டு என் பேர். எழுத்துப்பிழைகூட இல்லை. நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிற ஒவ்வொரு தடவையும் வாய் கசந்தது. இதற்காகவா நாற்பது வருஷம் ஏங்கினேன் என்று என்மேலேயே வெறுப்பு வந்தது.

பண்டிகையன்று அவள் வந்தாள். மகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் பக்கத்தில் போய் உட்காரவும் இல்லை. வாசலில் கொடுத்த புத்தகத்தை வாங்கி மடியில் வைத்திருந்தாள். பூசணிக்காய்களும் வாழைத்தார்களும் உள்ளே வந்தன. நான் ஆர்மோனியத்தில் தொடங்கினேன். சரணம் முடிந்து பல்லவி மேலே ஏறும் இடத்தில் பின்பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. வயதாகி உடைந்த குரல்தான், ஆனால் சுருதி விலகவில்லை. எனக்கு விரல் சறுக்கியது.

ஆராதனை முடிந்து வெளியே காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். செயலாளர் ஒரு பூசணியைத் தூக்கிப் பிடித்துக் கூவிக்கொண்டிருந்தார். நான் அவளிடம் போனேன். இரண்டு வாரமாக ஒத்திகை பார்த்த பொய் கைவசம் இருந்தது.

"அச்சுல ஒரு தப்பு நடந்துபோச்சு. உன் பேரு விட்டுப்போச்சு. அடுத்த தடவை போடும்போது..."

"தப்பு இல்ல அண்ணே," என்றாள். "தமிழ்ல எனக்கு என் பேரு ஒண்ணுதான் இன்னும் வாசிக்கத் தெரியும். அன்னைக்கு அந்தக் காயிதத்துல தேடிப் பாத்தேன். இல்ல."

செயலாளர் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன்.

"பின்ன ஏன் கையெழுத்துப் போட்ட?"

"அம்புட்டுத் தூரம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தீங்க. வெறுங்கையோட எப்பிடி அனுப்புறது."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு மகள் பக்கம் திரும்பி, அந்தப் பாட்டைப் போட்டவர் இவர்தான் என்று பர்மியத்தில் சொன்னாள். அந்தப் பெண் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டாள்.